ஒரு ரசிகனைப் பலி கொடுத்தல்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பர் ஒருவர் வீட்டு மாடியில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து 'தி ஃபேன்' என்ற அமெரிக்கப் படத்தைப் பார்த்தோம். 1996-இல் வந்த படம். டோனி ஸ்காட் இயக்கியது. பீட்டர் ஏப்ரஹாம்ஸ் அதற்கு முந்தைய ஆண்டு வெளியிட்ட நாவலிலிருந்து எடுக்கப்பட்டது. படம் முடிந்து காப்பி வந்தது. வீட்டுக்கார நண்பர், ரசிக வெறி என்கிற மனோவியாதியை இவ்வளவு ஈவிரக்கமில்லாமல் தோலுரித்த படம் வேறு இல்லை என்றார். மற்றவர்கள் ஆமோதித்தார்கள். நான் ஆமோதிக்கவில்லை. அன்று ராத்திரி பதினொரு மணிவரை நடந்த சண்டையில் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். நண்பர் இந்தப் பத்திரிகையைப் படிப்பவர், வருத்தப்படுவார். பரவாயில்லை. சௌகரியமான அபிப்ராயங்களைக் காப்பியோடு சேர்த்து விழுங்கிவிட்டு வீட்டுக்குப் போவதற்காக நாம் கூடுவதில்லை.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஸான் ஃப்ரான்ஸிஸ்கோவில் கத்தி விற்றுப் பிழைக்கிறவன் கில் ரெனார்ட். ராபர்ட் டி நிரோ நடித்திருக்கிறார். அவன் அப்பா ஆரம்பித்த கம்பெனி அது. இப்போது வேறு ஆட்கள் கையில் இருக்கிறது. மனைவி பிரிந்துவிட்டாள், ஒரு பையன். உலகத்தில் அவனுக்கென்று மீதியிருப்பது பேஸ்பால் ஒன்றுதான். ஊர்க் குழுவான ஜெயன்ட்ஸ், பாபி ரேபர்ன் என்ற ஆட்டக்காரனை 4 கோடி டாலர் கொடுத்து எடுத்துக்கொள்கிறது. இது வெஸ்லி ஸ்னைப்ஸ். ரேபர்னுக்கு ராசியான எண் 11. அந்த எண்ணை ஏற்கனவே அணிந்திருக்கும் ப்ரிமோ விட்டுக்கொடுக்க மறுக்கிறான். ரேபர்னின் ஆட்டம் படுத்துவிடுகிறது. கில் போய் ப்ரிமோவைக் குத்திக் கொல்கிறான். ரேபர்ன் மறுபடி அடிக்க ஆரம்பிக்கிறான். தன் உபகாரத்துக்கு ஒரு வார்த்தை நன்றி கிடைக்கும் என்று கில் போனால், ரேபர்னுக்கு ஆட்டத்திலேயே பிடிப்பு விட்டுப்போயிருக்கிறது. ரசிகர்கள்மேல் ஒரு மரியாதையும் இல்லை. கில் ரேபர்னின் மகனைத் தூக்கிக்கொண்டு போகிறான். ஒரு ஹோம் ரன் அடித்து அதைத் தனக்குச் சமர்ப்பணம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பையன் பிழைக்கமாட்டான் என்பது அவன் நிபந்தனை. கடைசியில் கொட்டும் மழையில், அம்பயர் வேஷத்தில் மைதானத்துக்குள் நிற்கும் கில்லைப் போலீஸ் சுட்டுக் கொல்கிறது.

இதில் தோலுரிக்கப்பட்டது என்ன? என் நண்பரின் பதில், 'ரசிகன்'. என் பதில், ஒன்றுமில்லை. ரசிகன்மேல் பழியைப் போட்டு, அவனைச் சுட்டுத் தள்ளி, பழிக்கு உரியவர்களை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிற படம் இது. வாதியின் குரலில் பேசும் பிரதிவாதியின் வக்கீல்.

முதலில் கத்தி. கில் கத்தி விற்பவன் என்பதைப் படம் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறது. இதைப் 'பாத்திரப் படைப்பு' என்கிறார்கள். இது பாத்திரப் படைப்பில்லை, முன்ஜாமீன். கையில் கத்தியோடு அறிமுகமாகிறவன் பின்னால் குத்தினால் யார் ஆச்சரியப்படப் போகிறார்கள்? வியாதி அவனுக்குள் முதலிலிருந்தே இருந்தது என்றாகிவிட்டது. பேஸ்பாலுக்கும் ரேடியோவுக்கும் டிக்கெட் விற்பவனுக்கும் நாலு கோடிக்கும் இதில் சம்பந்தம் எதுவும் தேவையில்லை. ரேபர்ன் இல்லாவிட்டால் கில் வேறு யாரையாவது குத்தியிருப்பான். பார்க்கிறவன் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்: நான் கத்தி விற்பவனில்லை.

இத்தனைக்கும் படத்தின் ஒரு பகுதி உண்மையைத் தொட்டுவிட்டு ஓடுகிறது. அப்பா செய்த கத்தியின் தரம் போய்விட்டது, மட்டமான சரக்கைக் கொண்டுபோய்த் தன்னை விற்கச் சொல்கிறார்கள் என்ற ஆத்திரம் கில்லுக்கு இருக்கிறது. விற்பனைக் கணக்கு காட்டச் சொல்லி மேலே இருப்பவர்கள் நெருக்குகிறார்கள். ஸீஸனின் முதல் ஆட்டத்தன்று மகனை மைதானத்தில் தனியே விட்டுவிட்டு ஒரு வியாபாரச் சந்திப்புக்கு ஓடுகிறான், அது நடக்கவில்லை, திரும்பி வந்தால் பையன் இல்லை. வேலையும் போகிறது, பையனைப் பார்க்கும் உரிமையும் போகிறது. இந்த இருபது நிமிஷத்தில் டி நிரோவின் முகத்தில் தெரியும் அவமானம் நிஜம். இங்கே ஒரு படம் இருந்தது. தன் கைவேலையின் கௌரவம் பறிபோன ஒருவன், யாரோ ஒருவனின் கைவேலையில் தன் கௌரவத்தைத் தேடிப் போகிற கதை அது. அதை எடுக்கத் தைரியம் வேண்டும், ஏனென்றால் அந்தக் கதையில் போலீஸ் சுடுவதற்கு ஆள் கிடைக்காது. ஸ்காட் அவசர அவசரமாக அவன் கையில் கத்தியைத் திணித்து அந்த இடத்தைவிட்டு வெளியேறிவிடுகிறார்.

இரண்டாவது, படம் வந்த காலம். 1994 ஆகஸ்ட் 12-ஆம் தேதி அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சம்பளத்துக்கு உச்சவரம்பு வைக்க முதலாளிகள் முயன்றதில் வந்த தகராறு. 1995 ஏப்ரல் வரை நீடித்தது. 1904-க்குப் பிறகு முதல்முறையாக, இரண்டு உலக யுத்தங்களின்போதும் நிற்காத வேர்ல்ட் ஸீரிஸ் 1994-இல் நடக்கவில்லை. மறுபடி ஆட்டம் தொடங்கியபோது ஜனங்கள் மைதானத்துக்கு வரத் தயங்கினார்கள். வந்தவர்களில் பலர் ஆட்டக்காரர்களைப் பார்த்துக் கத்தினார்கள். 'எங்கள் குழு' என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு, குழு தங்களுடையதில்லை, ஒருபோதும் தங்களுடையதாக இருந்ததில்லை என்பது ஒரே கோடைகாலத்தில் தெரிந்துபோயிற்று. இந்தக் காயத்தின் சூடு ஆறுவதற்குள் வந்த படம் 'தி ஃபேன்'. ரசிகன் ஏன் கோபமாக இருக்கிறான் என்று கேட்க இதைவிட நல்ல சமயம் வாய்த்திருக்காது. படம் கேட்கவில்லை. அவன் பைத்தியம், அதனால் கோபமாக இருக்கிறான் என்றது. செலவழித்ததில் பாதிகூட அமெரிக்காவில் வசூலாகவில்லை என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. தன்னைப் பைத்தியக்காரன் என்று சொல்ல டிக்கெட் வாங்குகிற அளவுக்கு ரசிகன் பைத்தியக்காரன் இல்லை.

மூன்றாவது, டி நிரோ. ஸ்காட் இவரை ஒரு நடிகராக மட்டும் வாடகைக்கு எடுக்கவில்லை. இவருடைய நிழலையும் சேர்த்து எடுத்திருக்கிறார். 1976-இன் 'டாக்ஸி டிரைவர்', 1983-இன் 'தி கிங் ஆஃப் காமெடி' இரண்டும் ஸ்கார்ஸேஸியின் படங்கள். இரண்டிலும் இதே டி நிரோ, இதே தனியன். 'கிங் ஆஃப் காமெடி'யில் ரூபர்ட் பப்கின் என்பவன் டெலிவிஷனில் பேர் வாங்கிய கோமாளி ஒருவரைக் கடத்திக்கொண்டு போகிறான். அவர் நிகழ்ச்சியில் தனக்கு ஒரு தடவை இடம் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. கொடுக்கிறார்கள். ஜனங்கள் சிரிக்கிறார்கள். ஜெயிலுக்குப் போய்விட்டு வெளியே வரும்போது பப்கின் பிரபலமாகியிருக்கிறான்; புத்தகம், பேட்டி, கைதட்டல். கடைசியில் அவன் மேடையில் நிற்க, கைதட்டல் ஓய மறுக்கிறது. அது நிஜமா அவன் கனவா என்று சொல்லாமலே படம் முடிகிறது. எதுவானாலும் கைதட்டுகிறது நாம்தான். கேள்வி திரையிலிருந்து இறங்கி நம் மடியில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. 'தி ஃபேன்' அதே மனிதனை எடுத்து, அந்தக் கேள்வியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு தோட்டாவை வைக்கிறது. பப்கின் ஜெயிக்கிறான் என்பதால் நமக்குப் பயம் வருகிறது. கில் சாகிறான் என்பதால் நமக்குத் தூக்கம் வருகிறது.

இங்கேதான் நண்பர் குறுக்கிட்டார். "நிஜத்தில் நடக்காததா? மோனிகா செலஸைக் குத்தவில்லையா?" என்றார். குத்தினார்கள். அதைப் பற்றித்தான் பேச வேண்டும், ஆனால் முழுக்கப் பேச வேண்டும்.

1993 ஏப்ரல் 30. ஹாம்பர்க். உலகின் முதலிடத்தில் இருந்த செலஸுக்கு அப்போது வயது 19. ஆட்டத்தின் இடைவெளியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரின் முதுகில், கூட்டத்திலிருந்து வந்த ஒருவன் கத்தியை இறக்கினான். அவன் ஸ்டெஃபி கிராஃபின் ரசிகன். கிராஃப் மறுபடி முதலிடத்துக்கு வர வேண்டும் என்பது மட்டுமே அவனுடைய ஆசை. இதில் கிராஃபுக்கு ஒரு பொறுப்பும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டும் வந்தார். அதன் பிறகு நடந்தவற்றைக் கவனியுங்கள். ஹாம்பர்க் போட்டி நிறுத்தப்படவில்லை, தொடர்ந்தது. செலஸ் திரும்பி வரும்வரை அவருடைய இடத்தை அப்படியே நிறுத்திவைக்கலாம் என்ற யோசனையைக் கூட ஆடுகிறவர்களே ஏற்கவில்லை. அடுத்த ஜூன் மாதமே கிராஃப் முதலிடத்துக்கு வந்தார். குத்தியவனுக்கு நீதிமன்றம் இரண்டு வருஷம் தண்டனை கொடுத்து, அதையும் நிறுத்திவைத்தது. அவன் வீட்டுக்குப் போனான். செலஸ் மறுபடி மைதானத்தில் இறங்க 1995 ஆகஸ்ட் ஆயிற்று. ஜெர்மனியில் அவர் அதன்பிறகு ஆடவே இல்லை.

அதாவது, அவன் என்ன கேட்டானோ அது நடந்தது. அவன் கையால் பாதி, மீதி அட்டவணையால், தர வரிசைக் கணக்கால், விற்றுத் தீர்ந்த டிக்கெட்டுகளால். அந்தக் கத்தியைவிட எனக்குப் பயம் தருவது, போட்டி தொடர்ந்தது என்கிற சின்னச் செய்திதான். ஒரு பைத்தியக்காரனின் ஆசையும் ஒரு பெரிய ஸ்தாபனத்தின் சௌகரியமும் ஒரே திசையில் போக முடியும் என்பதை அது சொல்கிறது. 'தி ஃபேன்' இதைத் தலைகீழாக்குகிறது. அதில் ஸ்தாபனம் நிரபராதி, போலீஸ் உஷார், ரசிகன் தோற்கிறான். இது யதார்த்தம் இல்லை என்பதற்காக நான் சண்டை போடவில்லை. ஆறுதல் சொல்வதற்காக யதார்த்தத்தைத் திருத்தியிருக்கிறது என்பதற்காகச் சண்டை போடுகிறேன்.

இன்னொன்று. 1949 ஜூனில் ஷிகாகோ ஓட்டல் ஒன்றில் எட்டி வெய்ட்கஸ் என்ற பேஸ்பால் ஆட்டக்காரரைத் தன் அறைக்கு வரச் சொல்லிச் சீட்டு அனுப்பி, துப்பாக்கியால் சுட்டாள் 19 வயதுப் பெண் ஒருத்தி. அவர் ஷிகாகோவில் ஆடிக்கொண்டிருந்த நாளிலிருந்து அவரையே நினைத்துக்கொண்டிருந்தவள்; அவரை அந்தக் குழு ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றிவிட்டது. சுட்டுவிட்டு உதவிக்கு ஆள் அனுப்பச் சொன்னவளும் அவளேதான். வெய்ட்கஸ் பிழைத்து அடுத்த ஆண்டே ஆட வந்தார். இந்த மாதிரிச் சம்பவத்தை ஒரு எழுத்தாளன் என்ன செய்வான் என்பதற்கு பெர்னார்ட் மலமுட் 1952-இல் எழுதிய 'தி நேச்சுரல்' நாவல் இருக்கிறது. அதில் துப்பாக்கிச் சத்தம் ஆரம்பத்தில் கேட்கிறது. முடிவாக அல்ல. சுடப்பட்டவன் பதினைந்து வருஷம் கழித்துத் திரும்பி வந்து, தன் ஆசைகளாலேயே கெட்டு, கடைசிப் பந்தைத் தவறவிடுகிறான். 1984-இல் ஹாலிவுட் அதைப் படமாக்கியபோது, அவன் கடைசிப் பந்தில் ஹோம் ரன் அடித்து விளக்குகளை உடைத்தான். தோல்வியை ஹோம் ரன்னாக மாற்றித் தருகிறவர்களுக்கு ரசிகனைப் பற்றிச் சொல்ல என்ன யோக்யதை இருக்கிறது?

'இது ஒரு மசாலாப் படம், இதில் போய் இவ்வளவு தேடலாமா' என்று இன்னொரு நண்பர் கேட்டார். தேடலாம். மசாலாப் படம் தன்னை மசாலாப் படம் என்று ஒப்புக்கொண்டால் நான் தேடமாட்டேன். இது தன்னை விசாரணை என்று சொல்லிக்கொள்கிறது. அதன் பாஷையைப் பாருங்கள். ஸ்காட் விளம்பரப் படம் எடுத்துப் பழகியவர். அரை நிமிஷத்தில் ஒரு ஆசையை உண்டாக்குகிற வித்தை அவருக்குத் தெரியும். மழை, விளக்கு, காதைப் பிளக்கும் பாட்டு, விநாடிக்கு விநாடி வெட்டு. கடைசி ஆட்டத்தில் ரேபர்ன் மட்டையோடு நிற்கும்போது, அந்த மாடியில் உட்கார்ந்திருந்த எட்டுப் பேரும், நான் உள்பட, மனசுக்குள் என்ன சொன்னோம்? அடி என்று சொன்னோம். பையன் உயிருக்காக என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்த நிமிஷம் நமக்கு வேண்டியது அந்த ஹோம் ரன். கில்லுக்கு வேண்டியதும் அதுவேதான். படம் நம்மைக் கில்லாக்கிவிட்டது. இதை அறிந்து செய்திருந்தால் இது மகத்தான படம். நம்மைப் பந்துக்காகக் கத்த வைத்துவிட்டு, அடுத்த நிமிஷமே 'பார், இவன்தான் வெறியன்' என்று அவனைச் சுட்டுக் காட்டுவது, தான் என்ன செய்தோம் என்பதே அதற்குத் தெரியவில்லை என்பதற்குச் சாட்சி.

போலீஸ் பிறகு பையனைக் கண்டுபிடிக்கிற இடம், கில் சிறுவனாக ஆடிய மைதானம். சுவரில் பழைய பத்திரிகைத் துண்டுகள். அவனுடைய ஒரே வெற்றி பத்துப் பன்னிரண்டு வயசில் கிடைத்தது. படம் இதை ஒரு துப்புபோலக் காட்டிவிட்டு முடிந்துபோகிறது. எங்கே தொடங்கியிருக்க வேண்டுமோ அங்கே வந்து முடிகிறது.

ஒரு வார்த்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'ஃபேன்' என்பதை நாம் தயங்காமல் 'ரசிகன்' என்று மொழிபெயர்க்கிறோம். அந்த இங்கிலீஷ் வார்த்தை, வெறியன் என்று பொருள்படும் வார்த்தையிலிருந்து நறுக்கியது. அதற்கும் மூலத்தில் இருப்பது லத்தீனில் கோயிலைக் குறிக்கும் சொல். நம் வார்த்தைக்குள் இருப்பது ரஸம். ஒரு ராக ஆலாபனையில் எங்கே மூச்சு விட வேண்டும் என்று அறிந்து தலையசைத்தவனுக்கு இருந்த பெயரை, பாலாபிஷேகம் செய்கிறவனுக்கும் கொடுத்தோம். வார்த்தை இடம் மாறியதில் நாம் இழந்தது, ரசனைக்கும் பக்திக்கும் நடுவில் இருந்த வேலி. ரசிக்கிறவனுக்குத் தன் முன்னால் இருப்பது வேலை, ஆள் அல்ல. பக்தனுக்கு ஆள்தான் எல்லாம், வேலை பிரசாதம்.

இதை வெளியே நின்று சொல்ல எனக்கு உரிமையில்லை. இளம் வயதில் ஒரு எழுத்தாளரின் கதைகளை நான் பாராயணம் செய்துகொண்டிருந்தேன். பேர் வேண்டாம். ஒரு நாள் ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் நின்றுகொண்டே போய், காலையில் அவர் வீட்டு வாசலில் நின்றேன். பனியனோடு வந்தார். அவருடைய ஒரு கதையின் கடைசிப் பத்தியைப் பற்றிச் சொன்னேன். "அதெல்லாம் எப்பவோ எழுதினது. இப்போ படிச்சா எனக்கே தாங்கலை" என்றார். ரேஷன் கடைக்குப் போக வேண்டும் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் சொன்னது நேர்மை. எனக்கு அது துரோகமாகப்பட்டது. ஆறு மாதம் கழித்து அவருடைய அடுத்த தொகுதிக்கு மதிப்புரை எழுதினேன். அந்த மதிப்புரையில் ஒவ்வொரு வாக்கியமும் சரியான இடத்தில் இறங்கியது என்று பலர் பாராட்டினார்கள். தொகுதி மோசமானதில்லை என்பது எழுதும்போதே எனக்குத் தெரியும்.

படத்தில் ரேபர்ன், கடற்கரையில் கில்லிடம் ஆட்டத்தைவிட முக்கியமானவை வாழ்க்கையில் இருக்கின்றன என்று சொல்லும்போது, கில்லின் முகம் மாறுகிறது. அந்த முகம் எனக்குத் தெரியும். கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். ஆகவேதான் அவனைச் சுட்டு முடித்ததும் மாடியில் இருந்தவர்கள் பெருமூச்சு விட்டது எனக்குப் பொறுக்கவில்லை. நம்மில் யாரும் கத்தி விற்பதில்லை. பேனா வைத்திருக்கிறோம். நம் கூட்டங்களில் ஆசான்கள் இருக்கிறார்கள்; ஆசானை ஒரு வார்த்தை சொன்னவனோடு பேச்சை முறித்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்; ஒருவருடைய நம்பரை இன்னொருவர் போட்டுக்கொண்டார் என்பதற்காக வருஷக்கணக்கில் எழுதப்பட்ட கடிதங்கள் இருக்கின்றன. முந்நூறு பிரதி அச்சடிப்பதால் இது ரசிகர் மன்றம் இல்லை என்று ஆகிவிடாது.

விமர்சனம் என்று நாம் சொல்லிக்கொள்வது இந்த இடத்தில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பிடித்ததைப் பிடித்தது என்று சொல்லும்போதே, அதைச் செய்தவன் எனக்குக் கடன்பட்டவன் இல்லை என்றும் தெரிந்திருப்பது. நான் கொடுத்த நேரத்துக்கும் பஸ் டிக்கெட்டுக்கும் ராத்திரி விழித்ததற்கும் அவன் ஒரு ஹோம் ரன் பாக்கி வைத்திருக்கிறான் என்று நம்பாமல் இருப்பது.

'தி ஃபேன்' படத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனது டி நிரோவின் பெயர். அவர் எனக்கு ஒரு நல்ல படம் பாக்கி வைத்திருப்பதுபோல் இந்தக் கட்டுரையில் எங்காவது நான் பேசியிருந்தால், நண்பர் அந்த வாக்கியத்தைச் சுட்டிக்காட்டி அடுத்த இதழில் எழுதலாம். அவருக்கு அந்த உரிமை உண்டு. காப்பிக்கும் நன்றி.